மூன்று முறை நிராகரிக்கப்பட்ட விற்பனையாளர் கணக்கு: நான்காவது முறைக்கு முன்

நீங்கள் கேட்டது இது. கையால் தைத்த துணிப்பைகளை ஓர் ஆன்லைன் சந்தையில் விற்க மூன்று முறை விண்ணப்பித்தீர்கள். மூன்று முறையும் 'ஆவணங்களைச் சரிபார்க்க முடியவில்லை' என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஆவணங்கள் எல்லாம் அசல். இனி தங்கையின் பெயரில், வேறு மின்னஞ்சலில் புதிதாகத் திறந்துவிடலாமா? 'புதுக் கணக்கு திறக்கலாமா' என்று கேட்டாலும், 'அசல் ஆவணத்தை ஏன் ஏற்க மறுக்கிறார்கள்' என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அது தெரிந்துவிட்டால் தங்கையின் பெயர் அநேகமாகத் தேவைப்படாது.

சிறு விற்பனையாளர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பது, முடங்கிய கணக்கை மீட்பது, மாதக் கடைசியில் வரவு செலவை ஒத்துப்பார்ப்பது, இதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. எந்தச் சந்தை நிறுவனத்தின் உள்ளேயும் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் சட்டத்திலும் விதிகளிலும் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். சரிபார்ப்பவரின் திரையில் என்ன நடக்கிறது என்பது பற்றி நான் சொல்வதெல்லாம், திரும்பி வந்த விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்து நான் கணித்தது. உங்கள் ஆவணங்களையும் நான் பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், இவ்வளவு கெடுபிடி ஏன்? அமேசான் தன் தளத்தை வெளி விற்பனையாளர்களுக்குத் திறந்துவிட்டது 2000-இல். திருட்டுப் பொருளும் போலிப் பொருளும் இப்படிப்பட்ட சந்தைகள் வழியாகப் போவது பெரும் பிரச்சினையானதும், விற்பவர் யார் என்று சந்தைதான் உறுதிசெய்ய வேண்டும் என்று அரசுகள் சட்டம் போட்டன. அமெரிக்காவில் 'இன்ஃபார்ம் கன்ஸ்யூமர்ஸ்' சட்டம் 2023 ஜூன் 27-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 12 மாதத் தொடர் காலத்தில் 200 விற்பனையையும் 5,000 டாலர் வருமானத்தையும் எட்டும் விற்பனையாளரின் வங்கிக் கணக்கு, வரி எண், தொடர்பு விவரம் ஆகியவற்றைச் சந்தை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது 'ஏதாவது மாறியதா' என்று கேட்கவும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், வணிகரின் பெயர், முகவரி, அடையாள ஆவணம், பணம் பெறும் கணக்கு விவரம் எல்லாம் கைக்கு வந்த பிறகே அவரை விற்க அனுமதிக்கலாம் என்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் அது முழுமையாக நடப்பில் இருக்கிறது. ஆகவே உங்களைச் சரிபார்ப்பவர் உங்கள் நேர்மையை எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 'இந்த ஆள் யார் என்று கேட்டால் என்னிடம் காகிதம் இருக்கிறது' என்று தன் நிறுவனம் சொல்லிக்கொள்ள வழி செய்கிறார். அவர் பார்ப்பது ஒன்றுதான்: படிவத்தில் தட்டச்சு செய்த பெயரும் முகவரியும் ஆவணத்தில் உள்ள பெயரோடும் முகவரியோடும் ஒத்துப்போகிறதா? அசலான மூன்று ஆவணங்கள் மூன்று விதமாகப் பெயர் சொன்னால், அவருக்கு அவை மூன்று ஆட்கள்.

இங்கேதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் சிக்குகின்றன, குறிப்பாகப் பெயரில் தலைப்பெழுத்து உள்ளவர்களுக்கு. ஓர் அட்டையில் தலைப்பெழுத்து முன்னால், புள்ளியோடு இருக்கும். வங்கியில் அதே எழுத்து பின்னால், புள்ளியில்லாமல். பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பாவின் முழுப் பெயராகியிருக்கும். வரி அட்டையில் அந்த முழுப் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருக்கும். படிவமோ 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும். எதை எங்கே போடுவது என்று யோசித்து, முதல் முறை ஒரு மாதிரி, நிராகரித்த பிறகு இரண்டாம் முறை வேறு மாதிரி எழுதுவோம். மூன்றாவது முறைக்குள் நாமே நம் பெயரில் இன்னும் இரண்டு வடிவங்களைச் சேர்த்திருப்போம்.

என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது கணினியை மூடிவைப்பது. எல்லாக் காகிதத்தையும் மேசையில் வரிசையாகப் பரப்பச் சொல்வேன்: அடையாள ஆவணம், வங்கி ஸ்டேட்மென்ட், வரிப் பதிவு, முகவரிச் சான்று. பிறகு ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயரை எழுத்து எழுத்தாக, இடைவெளியையும் புள்ளியையும் சேர்த்து, சத்தமாகப் படிக்க வேண்டும். மனதுக்குள் படித்தால் கண் ஏமாற்றிவிடும், நம் பெயர் நமக்கு அவ்வளவு பழக்கம். சத்தமாகப் படிக்கும்போது 'அட, இதில் ஒரு ஹெச் அதிகமாக இருக்கிறதே' என்று நிற்பார்கள். ஒரு பெண்மணி ஏழு மாதம் விண்ணப்பித்து அலுத்துப்போய் வந்தார். அவருடைய வங்கிக் கணக்கில் திருமணத்துக்கு முந்தைய தலைப்பெழுத்து அப்படியே இருந்தது. அவர் அந்தக் கணக்கை தினமும் பயன்படுத்துகிறவர், ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

பிசகு தெரிந்ததும் படிவத்தை மாற்றி எழுதிப் பார்க்கத்தான் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். எந்த அடையாள ஆவணத்தைப் பதிவேற்றப் போகிறீர்களோ அதைத் தாய்ப் பிரதியாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அநேகமாக எளிதில் திருத்த முடிவது வங்கிக் கணக்கின் பெயர்தான், ஒரு கடிதமும் அடையாளப் பிரதியும் கொடுத்தால் முடியும். வரிப் பதிவில் திருத்தம் கொஞ்சம் நாள் பிடிக்கும். மாற்ற இருபது நாள் ஆகிறதா, இருபது நாள் காத்திருங்கள். நான்காவது விண்ணப்பத்தை அவசரமாகப் போட்டு ஐந்தாவதுக்கு வழி செய்வதைவிட அது மேல். முகவரிக்கும் இதே கதைதான். ஒன்றில் கதவு எண் மட்டும், மற்றொன்றில் மாடி எண்ணும் சேர்த்து என்று இருக்கும். சில சந்தைகள் அந்த முகவரிக்குத் தபாலில் ஒரு குறியீட்டு எண் அனுப்பி, அதைத் தளத்தில் பதியச் சொல்லும். ஆகவே காகிதத்தில் ஒத்துப்போவதோடு தபால்காரரும் கண்டுபிடிக்கிற முகவரியாக இருக்கட்டும்.

எத்தனை எழுத்து பிசகினால் நிராகரிப்பு, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவார்கள் என்பதைச் சந்தைகள் வெளியே சொல்வதில்லை. ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக யாரும் நிராகரிக்கப்பட்டதாக என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பெயரைச் சீர்செய்த பிறகு, வேறு எதையும் மாற்றாமல், அதே ஆவணங்களோடு ஏற்கப்பட்ட விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெயரெல்லாம் ஒத்துப்போயும் திரும்பி வருகிறதென்றால், அடுத்த சந்தேகம் கோப்பின் மீது. 'சரிபார்க்க முடியவில்லை' என்பதற்கு 'திறக்கவே முடியவில்லை' என்றும் பொருள் உண்டு. ஒருவர் நான்கு முறை வங்கி ஸ்டேட்மென்டை அனுப்பினார், நான்கு முறையும் தெளிவில்லை என்று பதில். அவருடைய மடிக்கணினியில் நான் பார்த்தபோது பளிச்சென்று திறந்தது. அதையே என் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி என் போனில் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கிறது! வங்கி அனுப்பும் பிடிஎஃப்-க்குப் பூட்டு உண்டு. அவருடைய கணினி பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு அவருக்கு மட்டும் திறந்துகாட்டிக்கொண்டிருந்தது. பூட்டு இல்லாத பிரதியாகச் சேமித்து அனுப்பினோம், அந்த வாரமே கணக்கு திறந்தது. உங்கள் கோப்பையும் வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

அட்டையைப் படமெடுக்கும்போது நான்கு மூலைகளும் தெரிய வேண்டும், விரல் மறைக்கக் கூடாது. லேமினேஷன் போட்ட அட்டையில் மின்விளக்கின் ஒளி ஒரு வெள்ளைத் திட்டாக விழும், அது பிறந்த தேதியின் மேலேயே விழுவதுதான் வழக்கம். பகலில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அட்டையை வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் அந்தத் திட்டு போய்விடும். வீடியோ அழைப்பில் சரிபார்க்கும் சந்தைகளிலும் இதே இடத்தில் உட்காருங்கள். ஸ்கிரீன்ஷாட், கறுப்பு வெள்ளை நகல், ஓரம் வெட்டிய படம் இவற்றை அனுப்ப வேண்டாம். வங்கி ஸ்டேட்மென்டோ கட்டண ரசீதோ எத்தனை நாளுக்குள் வந்ததாக இருக்க வேண்டும் என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். 90 நாள், 180 நாள் என்று சந்தைக்குச் சந்தை மாறும். முதல் விண்ணப்பத்தின்போது புதிதாக இருந்த ரசீது மூன்றாவது விண்ணப்பத்தின்போது காலாவதியாகியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

சரி, தங்கையின் பெயருக்கு வருவோம். தங்கைதான் உண்மையிலேயே தொழிலை நடத்தப் போகிறார், பணம் அவர் கணக்குக்குப் போகும், வரியும் அவரே காட்டுவார் என்றால் அவர் பெயரில் திறப்பதில் தவறே இல்லை. நீங்கள் நடத்த, அவர் பெயரை மட்டும் கடன் வாங்குவதென்றால் வேண்டாம். பணம் யார் பெயரில் வருகிறதோ அவரைத்தான் வரித்துறை கேட்கும். வாங்கியவர் வழக்குப் போட்டாலும் அவர் பெயரில்தான் வரும். உங்கள் சந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சிக்கல்தான். ஒரே முகவரி, ஒரே போன், ஒரே கணினி, ஒரே வங்கி என்று தென்பட்டால் இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்ப்பார்கள். எந்த அடையாளத்தை வைத்து இணைக்கிறார்கள் என்ற முழுப் பட்டியல் வெளியில் கிடையாது, ஆனால் இணைக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்றைக்கு உங்களுக்கு நடந்திருப்பது விண்ணப்ப நிராகரிப்பு. இது கணக்கு முடக்கம் அல்ல. முதலாவதைத் திருத்திச் சரிசெய்யலாம். விதியைச் சுற்றிப்போகத் திறந்த இரண்டாவது கணக்கு என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால், அதிலிருந்து வெளியே வருவது மிகவும் கடினம். அப்படி மாட்டிக்கொண்டவர்களில் பாதிப் பேரைக்கூட என்னால் மீட்டுத்தர முடியவில்லை.

இதே காரணத்துக்காக, 'ரெடிமேட் கணக்கு தருகிறோம்' என்று சொல்லும் ஏஜென்டிடம் போகாதீர்கள். விண்ணப்பத்தை நிரப்ப உதவி வாங்கலாம். ஆனால் கணக்கின் மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். உதவிக்கு ஆள் வைத்தால், பெரும்பாலான தளங்களில் அவருக்குத் தனிப் பயனராக அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, போன் இல்லாதபோது உள்ளே நுழையத் தளம் தரும் மாற்றுக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்த அன்றைக்கு அந்தக் காகிதம்தான் உதவும். சரிபார்ப்புக் குழுவிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்து ஓடிபி கேட்டால் பேச்சைத் துண்டித்துவிடுங்கள்.

நான்காவது முறை போகும்போது புதிய விண்ணப்பம் போடுவதைவிட, பழைய விண்ணப்பத்திலேயே மறுபரிசீலனை கேட்க வழி இருந்தால் அதில் போங்கள். நீளமாக எழுத வேண்டாம். 'வங்கிக் கணக்கில் என் பெயர் அடையாள ஆவணத்திலிருந்து மாறுபட்டிருந்தது. இன்ன தேதியில் திருத்திவிட்டேன். திருத்திய ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன்' என்ற அளவில் மூன்று வாக்கியம் போதும். படிப்பவருக்கு ஒரு விண்ணப்பத்துக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கும் என்பது என் ஊகம். தையல் கற்ற கதை, பட்ட சிரமம் எல்லாம் உண்மையாகவே இருந்தாலும் அந்த இடத்தில் உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப் பதிந்த வணிகரின் சேவையை நிறுத்தினால் சந்தை எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும் என்று 2020 ஜூலை முதல் விதி இருக்கிறது. மற்ற இடங்களில் ஒற்றை வரி பதிலே வந்தாலும், 'எந்த ஆவணம், எந்த விவரம் பொருந்தவில்லை' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சில சமயம் சொல்கிறார்கள்.

பார்கோடு பற்றி நீங்கள் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பொருளின் பார்கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை ஜிஎஸ்1 என்ற அமைப்பின் உறுப்பினர் நிறுவனங்கள் வழங்குகின்றன. 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் முதல் 12 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது, அதனால் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டால் பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். மலிவாக மறுவிற்பனைக்குக் கிடைக்கும் எண்கள் கணக்கில் சரியாக இருக்கும், ஆனால் ஜிஎஸ்1 பதிவேட்டில் வேறொருவர் பெயரில் இருக்கும். அமேசான் போன்ற இடங்களில் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கையால் தைத்த பைக்கு உங்களுக்குப் பார்கோடே தேவைப்படாமல் போகலாம். விலக்குக் கேட்கும் வழி இருக்கிறது, முதலில் அதைக் கேளுங்கள்.

கணக்கு திறந்தால் ஒரே நாளில் எல்லாப் பைகளையும் ஏற்றிவிடாதீர்கள், இதை வற்புறுத்திச் சொல்கிறேன். அமேசானில், விற்பனையாளர் தானே ரத்துசெய்யும் ஆர்டர்கள் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், தாமதமாக அனுப்புவது 4 சதவீதத்துக்குள், புகாருக்குள்ளாகும் ஆர்டர்கள் 1 சதவீதத்துக்குள். பெரிய கடைக்கு இது சாதாரணம். 20 ஆர்டர் மட்டும் வந்த புதியவருக்கு ஒரே ஒரு ரத்து என்றாலே 5 சதவீதம். இருப்பில் தைத்து முடித்த பை ஐந்து என்றால் ஐந்தை மட்டும் காட்டுங்கள். 'ஆர்டர் வந்ததும் தைத்துக்கொள்ளலாம்' என்று இருபது காட்டி, அந்த வாரம் காய்ச்சலில் படுத்து, மீண்டுவர மூன்று மாதம் போராடியவரை எனக்குத் தெரியும்.

விலை வைக்கும்போது கமிஷனை மட்டும் கழித்துப் பார்ப்பவர்கள் கூரியரில் ஏமாந்துபோகிறார்கள். பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்ளும், உண்மை எடையைவிட அது அதிகமாக இருந்தால் அதற்கே கட்டணம். உங்கள் பை 300 கிராம் இருக்கலாம். அதை 30, 25, 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் 1.5 கிலோவுக்குக் காசு கொடுப்பீர்கள். மடித்து, தட்டையான உறையில் போடுங்கள். பட்டியலில் காட்டும் அளவும் மடிக்காத பையின் அளவாக இருக்கட்டும், அளவுநாடாவோடு ஒரு படம் போட்டால் 'நினைத்ததைவிடச் சின்னது' என்று திரும்பி வரும் பைகள் குறையும். கமிஷன் விகிதமும் நிலையானது அல்ல. கைவினைப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற எட்ஸி என்ற ஆன்லைன் சந்தை 2022 ஏப்ரலில் 5 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏற்றியது. அதனால் நீங்கள் விற்கும் சந்தையின் கட்டணப் பக்கத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். விற்ற பணமும் உடனே வராது, பொருள் போய்ச் சேர்ந்து சில நாள் பிடித்துவைத்த பிறகே விடுவிப்பார்கள். அந்த இடைவெளிக்குத் துணி வாங்கக் கையில் காசு இருக்கட்டும்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: காகிதங்களைப் பரப்பிப் பெயரைச் சத்தமாகப் படியுங்கள். அப்புறம், எந்த ஆவணத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதை, உண்மைப் பெயரும் எண்களும் இல்லாமல், 'அட்டையில் தலைப்பெழுத்து முன்னால், வங்கியில் பின்னால்' என்கிற மாதிரி இங்கேயே எழுதுங்கள். கடைசி நிராகரிப்பின் வாசகத்தையும் வரி மாறாமல் போடுங்கள். எதை முதலில் திருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.